ஆறு மணி நேரம்

முப்பத்தோரு விமான நிலையங்கள்.
எல்லாவற்றுக்கும் அதே ஒன்பது கேள்விகள்:
பயணிகளுக்கு நோய்ப் பரிசோதனை உண்டா,
எந்த வாசலருகே, என்ன கட்டணம்,
முடிவு வர எத்தனை மணி நேரம்.
வால்டிவியாவில், அக்டோபரிலும் மழை விடாத மூன்றாம் மாடியில்
எனக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
காலடியில் மண்ணெண்ணெய்க் கணப்பு.
மூக்கும் முழியுமாய் இருந்தது கேள்வித்தாள்.
வாய்தான் இல்லை,
அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

தலைநகரில் ஓர் இயந்திரக் குரல்
முடிவுகளுக்கு நான்கை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன். தொலைந்த பெட்டிகள் பிரிவு.
"என்ன நிறம்?" என்றார் ஒருவர்.
பெட்டியில்லை, பரிசோதனை.
"அதற்கும் நிறம் உண்டு, அம்மா.
ஒரு கோடா, இரண்டு கோடா பாருங்கள்."
சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.
'ஆம்' கட்டத்தில் நானும் ஒரு கோடு போட்டேன்.

வடக்கே, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் நிலையத்தில்
கூடாரம் உண்டு, செவிலி உண்டு,
பஞ்சுக்குச்சி தீர்ந்து பதினோரு நாள்.
உண்டு என்று எழுதவா, இல்லை என்றா?
"உண்டு என்றே எழுதுங்கள்.
இல்லை என்றால் குச்சி அனுப்பமாட்டார்கள்."

தெற்கே போகப் போக
ஆளுக்கு முன்னால் காற்று பேசியது.
கோபுரமும் நானே, தீயணைப்பு வண்டியும் நானே என்றார்
எலெயுத்தேரியோ,
வியாழனன்று விமானம் வந்தால் ஏணி தள்ளுவதும்.
பரிசோதனை?
சரளைச் சாலையில் நூற்றெழுபது கிலோமீட்டர்.
இங்கே இருப்பது ஒரு நாய்,
பையில் ஆப்பிள் இருந்தால் பிடித்துவிடும்.
மற்ற கேள்விகளை அவரிடம் கேட்கவில்லை.

இருபத்தாறாவது எண்ணை எடுத்தவள் இஸ்மேனியா.
தரை துடைப்பவள்.
மணியடித்தால் எடுக்கக் கூடாது என்று உத்தரவு,
எடுத்துவிட்டேன் என்றாள்.
அறை பூட்டியிருக்கிறது.
எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்,
நேற்றும் அவள் காலைச் சுற்றித்தான் துடைத்தேன்.
இதோ, அவளிடமே கேளுங்கள்.

சூலேமா. ஆட்டுக்குக் கம்பளி கத்தரிப்பவள்.
நீரிணைக்கு அப்பால் பண்ணை,
கூட்டாளிகள் முன்பே பறந்துவிட்டார்கள்,
அவள் பையில் கத்தரிக்கும் பற்கள்
துணியில் சுற்றியபடி.
முடிவு எத்தனை மணி நேரத்தில்?
"ஆறு. எழுதிக்கொள்ளுங்கள்.
நேற்றுக் கேட்டபோதும் ஆறு.
இரண்டு விமானம் போயாயிற்று, இன்னமும் ஆறு."
யாரோ அந்த ஆறு மணி நேரத்தை
ஆறப்போட்டிருந்தார்கள்.
"ஆட்டுக்கு இதை யார் சொல்வது?" என்றாள்,
கோபமாக இல்லை, பதில் தெரிய வேண்டும் என்பதுபோல.
நாளுக்கு நூற்றைம்பது ஆடு அவள் கை,
தலைக்கு இவ்வளவு கூலி.
கேள்வித்தாளின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்கியதை அழித்தேன்.
6 என்று எழுதினேன்.

முப்பத்தொன்றில் பத்தொன்பது 'ஆம்'.
எர்னால்டோ வட்டம் வரைந்து பச்சையடித்தார்.
அச்சில் அகலம் போதவில்லையாம்,
'குறிப்புகள்' பத்தியை நீக்கிவிட்டார்.
சூலேமா இப்போது பச்சையில் இருக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து,
எந்தக் கேள்வியும் கையில் இல்லாமல்,
அந்த எண்ணை மறுபடி அழைத்தேன்.
வெகுநேரம் மணி. பிறகு வாளி வைக்கும் ஓசை.
"வந்தது," என்றாள் இஸ்மேனியா, "நான்காம் நாள்.
நோய் இல்லையாம்.
அவள் மூன்றாம் நாளே
கம்பளி லாரி ஒன்றில் ஏறிப் போய்விட்டாள்,
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை, ஈரத் தரை.
தாள் என்னிடம்தான். முத்திரை போட்டது,
தூக்கிப்போட மனம் வரவில்லை.
சட்டைப்பையில் வைத்து, துவைக்கும்போது எடுத்து,
இப்போது வாளி அலமாரியில்.
முடிவு எப்போது வரும் என்று கேட்டது
நீங்கள்தானே?
உங்களுக்கே அனுப்பட்டுமா?"

எழுத்துக்கூட்டி
முகவரி சொன்னேன்.